சர்வேயர் பார்க்காத பத்திரம்: தென்னாப்பிரிக்காவில் காப்புரிமை யாருக்கு உதவுகிறது?

2021 ஜூலையில் தென்னாப்பிரிக்கக் காப்புரிமை இதழில் ஓர் உணவுப் பாத்திரத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்ட அறிவிப்பு வந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் இருந்த பெயர் 'டாபஸ்'. அது ஆளின் பெயர் இல்லை. அமெரிக்காவின் ஸ்டீபன் தேலர் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவு அமைப்பின் பெயர். இதே விண்ணப்பத்தை அமெரிக்காவும் பிரிட்டனும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமும் 'கண்டுபிடித்தவர் மனிதராக இருக்க வேண்டும்' என்று சொல்லித் தள்ளிவிட்டிருந்தன. இயந்திரத்துக்குக் கண்டுபிடிப்பாளர் தகுதி கொடுத்த முதல் நாடு என்று நம் நாட்டின் பெயர் உலகச் செய்திகளில் அடிபட்டது. சிலர் இதை முற்போக்கு என்றார்கள், சிலர் சிரித்தார்கள்.

நடந்தது இரண்டுமே இல்லை. விண்ணப்பத்தில் எல்லாக் கட்டங்களும் ஒழுங்காக நிரப்பப்பட்டிருந்தன, அதனால் தேறியது, அவ்வளவுதான். டாபஸ் வேடிக்கைச் செய்தியாக வந்து போனது. ஆனால் அதைத் தேறவைத்த அதே முறைதான் ஒரு காசநோய் மாத்திரையின் விலையையும், டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் பட்டறை வைத்திருப்பவரின் கண்டுபிடிப்பு எத்தனை நாள் அவர் கையில் இருக்கும் என்பதையும் முடிவு செய்கிறது.

முதலில், பேரம் என்ன?

காப்புரிமை, பேச்சுவழக்கில் பேட்டன்ட், அரசுக்கும் கண்டுபிடித்தவருக்கும் இடையிலான ஒரு பேரம். உன் வித்தையை மறைக்காமல் எழுதிக் கொடு, ஊர் படிக்கட்டும். பதிலுக்கு 20 ஆண்டு வரை உன் அனுமதி இல்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ இறக்குமதி செய்யவோ முடியாதபடி தடுக்கும் உரிமையைத் தருகிறேன் என்கிறது அரசு. கதைக்கும் பாட்டுக்கும் உள்ளது பதிப்புரிமை, கடைப் பெயருக்கும் முத்திரைக்கும் உள்ளது வணிகச்சின்னம். இவை மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது.

இந்தப் பேரத்தில் இரண்டு விஷயங்களைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

1. காப்புரிமை 'செய்யும் உரிமை' இல்லை, 'தடுக்கும் உரிமை' மட்டுமே. உங்கள் புதிய இயந்திரத்துக்குள் வேறொருவரின் காப்புரிமை பெற்ற பாகம் இருந்தால், உங்கள் கையில் சான்றிதழ் இருந்தாலும் அவர் அனுமதி இல்லாமல் இயந்திரத்தை விற்க முடியாது.

2. காவல் உங்கள் வேலை. யாராவது நகல் எடுத்தால் போலீஸ் வராது. நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள்தான் வழக்குப் போட வேண்டும், செலவும் உங்களுடையது.

காப்புரிமை ஆவணத்தில் விளக்கம், படம் எல்லாம் இருந்தாலும் உயிர் இருப்பது கடைசியில் வரும் உரிமைக் கோரல்களில்தான். நிலப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுகிறோமே, அதே வேலையை இவை செய்கின்றன. இன்ன பொருள், இன்ன பாகங்களுடன், இன்ன முறையில் இணைந்தது. இந்த எல்லைக்குள் வந்தால் அத்துமீறல், வெளியே நின்றால் குற்றமில்லை. குறுக்கி எழுதினால் போட்டியாளர் ஒரு திருகாணியை மாற்றிவிட்டுத் தப்பிவிடுவார். அகட்டி எழுதினால் அடுத்தவன் நிலமும் உள்ளே வந்துவிடும், நீதிமன்றம் பத்திரத்தையே ரத்து செய்துவிடும்.

எதற்குக் கிடைக்கும்?

ஓர் உதாரணத்தை வைத்துப் பேசலாம். சாட்ஸ்வர்த்தில் மசாலா ஆலை நடத்தும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மிளகாய் அரைக்கும்போது இயந்திரம் சூடேறி நிறமும் வாசமும் போய்விடுவது அவருக்குப் பெரிய தொல்லை. அரைக்கும் அறையைச் சுற்றிக் குளிர்நீர் ஓடும்படி தானே ஓர் உறை செய்து மாட்டுகிறார். தூள் சிவப்பாக, வாசத்தோடு வருகிறது. பேட்டன்ட் எடுக்கலாமா? 1978ஆம் ஆண்டின் 57ஆம் எண் காப்புரிமைச் சட்டம் மூன்று கேள்விகள் கேட்கிறது.

1. புதியதா? டர்பனில் யாரும் செய்யவில்லை என்பது போதாது. உலகில் எங்கும், எந்த மொழியிலும், எழுத்திலோ பேச்சிலோ பயன்பாட்டிலோ முன்பே வெளியாகியிருக்கக் கூடாது. தானே வெளியிட்டதும் கணக்கில் சேரும். விண்ணப்பிப்பதற்கு முன்பு வீடியோ எடுத்து முகநூலில் போட்டால் தன் கண்டுபிடிப்பைத் தானே பழையதாக்கிவிட்டார் என்று அர்த்தம்.

2. அந்தத் தொழில் தெரிந்தவருக்கு அது சட்டென்று தோன்றக்கூடியதா? தோன்றும் என்றால் காப்புரிமை இல்லை.

3. தொழிலிலோ வாணிபத்திலோ விவசாயத்திலோ பயன்படுமா? இதில் பெரும்பாலும் சிக்கல் வராது.

முதல் கேள்விக்குள் ஒரு பொறி ஒளிந்திருக்கிறது. நம் ஆட்களில் பலர், 'யாரிடமும் சொல்லாமல் ஐந்து வருடம் ஓட்டிப் பார்ப்போம், காசு வந்தால் பேட்டன்ட் எடுப்போம்' என்று நினைப்பார்கள். சட்டத்தின் 25ஆம் பிரிவு இதற்கு வழி விடவில்லை. நாட்டுக்குள் ரகசியமாக, ஆனால் வணிக அளவில் பயன்படுத்தியிருந்தாலும் அந்தக் கண்டுபிடிப்பு பழையதாகவே கருதப்படும். நியாயமான அளவில் சோதனை ஓட்டம் நடத்தலாம். சோதனையில் அரைத்த தூளை மூட்டை மூட்டையாக விற்கத் தொடங்கினால் அது சோதனை இல்லை.

சில விஷயங்கள் வாசலிலேயே நிற்கும். இயற்கையில் உள்ளதைக் கண்டறிதல், அறிவியல் கோட்பாடு, கணக்கு முறை, வியாபார முறை, வெறும் கணினி நிரல் ஆகியவை கண்டுபிடிப்பாகவே கருதப்படுவதில்லை. தாவர ரகத்துக்கும் நோயாளிக்குச் செய்யும் சிகிச்சை முறைக்கும் காப்புரிமை கிடையாது, மருந்துக்கு உண்டு. ரொட்டியைக் குடைந்து கறி ஊற்றும் 'பன்னி சவ்' என்ற உணவை முதலில் செய்தது யார் என்று டர்பனில் இன்னும் சண்டை ஓயவில்லை. யாராக இருந்தாலும், ஊரறிந்த பழைய சமையல் என்பதால் இனிமேல் பேட்டன்ட் கேட்டு வர முடியாது என்பது நமக்கு ஆறுதல்.

பிரிட்டோரியாவில் என்ன நடக்கிறது?

காப்புரிமைப் பதிவு பிரிட்டோரியாவில் உள்ள நிறுவனங்கள் மற்றும் அறிவுசார் சொத்து ஆணையத்தின் வேலை. சி.ஐ.பி.சி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். முதலில் தற்காலிக விண்ணப்பம். இதைக் கண்டுபிடித்தவரே எழுதிக் கொடுக்கலாம், அரசுக் கட்டணமும் சொற்பம். 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் போட வேண்டும், அதைக் காப்புரிமை வழக்கறிஞர் வழியாகத்தான் போட முடியும். செலவு அங்கேதான் பல்லாயிரம் ராண்டாக ஏறும். வெளிநாடுகளிலும் உரிமை வேண்டுமென்றால் அதே 12 மாதத்துக்குள் அந்தந்த நாட்டிலோ சர்வதேச ஒப்பந்தத்தின் வழியிலோ விண்ணப்பிக்க வேண்டும். தென்னாப்பிரிக்கப் பத்திரம் நம் வடக்கு எல்லையான லிம்போபோ ஆற்றைத் தாண்டினால் செல்லாது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் தொடங்கி, ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணமும் கட்டிவர வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் சட்டம் கேட்கிறது. ஆனால் அலுவலகம் கேட்பதில்லை! சட்டத்தின் 34ஆம் பிரிவு, 'விதிக்கப்பட்ட முறையில்' விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொல்கிறது. அந்த முறை நடைமுறையில் படிவம், கையொப்பம், கட்டணம், தேதி ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. இது உலகில் வேறெங்கும் இருந்ததா என்று தேடும் பரிசோதகர்கள் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் உண்டு. இங்கே அந்தப் படியே இல்லாமல் காலம் ஓடியிருக்கிறது. சர்வேயர் போய் அளக்காமல், நான்கெல்லையை நாமே எழுதிக் கொடுத்தால் அப்படியே பதிந்து தருகிற பத்திரப் பதிவு அலுவலகம் போல.

நம் மசாலா ஆலைக்காரருக்கு இதனால் என்ன ஆகும்? சான்றிதழ் கிடைத்துவிடும். ஃபிரேம் போட்டு, சுவரில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவார். இரண்டு வருடம் கழித்துப் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒருவர் அதே இயந்திரத்தை விற்கிறார். இவர் வழக்குப் போடுகிறார். எதிராளி, 'அரைக்கும் அறையைச் சுற்றிக் குளிர்நீர் ஓடவிடுவது வெகு காலமாக உள்ள முறை, இதோ பழைய ஆவணங்கள்' என்று காட்டிப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கிறார். பரிசோதகர் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கக்கூடிய விஷயத்தை, உயர்நீதிமன்ற நீதிபதி அமரும் காப்புரிமை ஆணையர் நீதிமன்றம் சொல்கிறது, வருடங்களும் வழக்கறிஞர் கட்டணமும் போனபிறகு. தோற்றவர் எதிராளியின் செலவையும் பெரும்பாலும் ஏற்க வேண்டிவரும்.

ஆளை மாற்றிப் பாருங்கள். பலவீனமான இருபது பத்திரங்கள் ஒரு பெரிய நிறுவனத்தின் கையில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் காட்டி ஆலைக்காரருக்கு நோட்டீஸ் வருகிறது. அந்தப் பத்திரம் செல்லாது என்று நிரூபிக்க முடியும், ஆனால் அதற்கு ஆகும் காசில் இன்னோர் ஆலை வாங்கலாம். அவர் தொழிலை மாற்றிக்கொள்வார். காகிதம் ஒன்றுதான், அதன் பலம் வைத்திருப்பவரின் பையைப் பொறுத்தது. இந்நாட்டில் வழங்கப்படும் காப்புரிமைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டு நிறுவனங்களுடையவை என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

மருந்து: காகிதம் உயிரைத் தொடும் இடம்

காப்புரிமை புத்தாக்கத்துக்கு உதவுகிறது என்ற வாதம் மிக வலுவாக நிற்பது மருந்துத் துறையில்தான். சோதனைகளுக்குப் பெரும் பணம் போகும், ஆனால் மாத்திரை வெளிவந்தபின் அதன் வேதியியலை நகல் எடுப்பது எளிது. தடுக்கும் உரிமை இல்லாவிட்டால் தனியார் எவரும் பணம் போடத் தயங்குவார்கள். இந்த வாதத்தை எளிதாகத் தள்ள முடியாது. அதன் விலையை இந்த நாடு எப்படிக் கொடுத்தது என்பதையும் மறக்க முடியாது.

எச்.ஐ.வி. கூட்டு மருந்துக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன காலம் அது. 1997இல் மண்டேலா அரசு மருந்துச் சட்டத்தைத் திருத்தி, அதே மருந்து மலிவாகக் கிடைக்கும் நாட்டிலிருந்து இறக்குமதி செய்ய 15சி பிரிவில் வழி வைத்தது. 1998இல் மருந்து நிறுவனங்கள் அரசின் மீதே வழக்குப் போட்டன. வழக்காடிய நிறுவனங்கள் 39. அதே ஆண்டு டிசம்பரில் தொடங்கிய சிகிச்சைக்கான செயல் இயக்கம் தெருவில் இறங்கியது. 2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம் அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பிடம் சொன்னது. அந்த ஒரு எண் வந்தபிறகு பழைய விலையை எவராலும் நியாயப்படுத்த முடியவில்லை. ஏப்ரலில் நிறுவனங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

பழைய கதை என்று விட்டுவிட வேண்டாம். பரிசோதனை இல்லாத முறையின் விளைவு இன்னும் கூர்மையாகத் தெரிவது காசநோய் மருந்தான பெடாகுவிலினில். அதன் மூலப்பொருளுக்கான காப்புரிமை 2023 ஜூலையில் முடிந்தது. ஆனால் அதே பொருளின் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்டு ஜான்சன் இன்னொரு காப்புரிமை வைத்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் அது 2027 வரை ஓடுவது. ஒரு மருந்தின் ஆயுள் முடியும்போது அதன் உப்பு, அளவு, மாத்திரை வடிவம் என்று ஒவ்வொன்றுக்கும் புதிய பத்திரம் எடுத்து நாளை நீட்டுவதற்கு 'எவர்கிரீனிங்' என்று பெயர். இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு, பலன் கூடாமல் வடிவம் மட்டும் மாறினால் காப்புரிமை இல்லை என்கிறது. இந்தியாவில் காப்புரிமை தருவதற்கு முன்பே பொதுமக்களில் எவரும் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம்.

2019இல் அப்படி இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் ஆட்சேபம் போட்டவர்கள் இருவர்: மும்பையின் நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் ஃபுமேசா திசிலே. இருவரும் காசநோயிலிருந்து பிழைத்தவர்கள், இருவரும் பழைய மருந்துகளின் நச்சுத்தன்மையால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் இந்திய அலுவலகம் அந்த விண்ணப்பத்தை நிராகரித்தது. ஒரு தென்னாப்பிரிக்கப் பெண் தன் வாதத்தைக் கேட்கும் காது ஒன்றைத் தேடி இந்தியா வரை போக வேண்டியிருந்தது, ஏனென்றால் பிரிட்டோரியாவில் அப்படி ஒரு வாசலே இல்லை. இங்கே அந்த வேலையைச் செய்தது, வணிகப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் போட்டி ஆணையம். 2023 செப்டம்பரில் அது விலையைப் பற்றி விசாரணை தொடங்கியது. அதே மாத இறுதியில், 134 நாடுகளில் அந்தக் காப்புரிமையை வலியுறுத்தப் போவதில்லை என்று நிறுவனம் அறிவித்தது. காப்புரிமை அலுவலகம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை வேறொரு துறை, வேறொரு சட்டத்தின் கீழ், பல ஆண்டு தாமதமாகக் கேட்டது.

லெனகாபவிர் என்ற எச்.ஐ.வி. தடுப்பு ஊசி பற்றிய செய்திகளையும் இதோடு வைத்துப் படிக்கலாம். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த சோதனையில், ஊசி போட்டுக்கொண்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. அமெரிக்காவில் அதன் ஆண்டு விலை 28,000 டாலருக்கு மேல். அதன் உரிமையாளரான கிலியட் நிறுவனம் 2024 அக்டோபரில் ஆறு மருந்து நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து 120 நாடுகளுக்கு விற்க அனுமதித்தது. தென்னாப்பிரிக்கா பட்டியலில் உண்டு, பிரேசில் இல்லை. 2027இலிருந்து ஆண்டுக்கு 40 டாலர் என்பது அறிவிப்பு. நல்ல செய்திதான். ஆனால் யார் பட்டியலில், யார் வெளியில் என்று தீர்மானிப்பவர் உரிமையாளர். சட்டத்திலும் ஒரு கருவி இருக்கிறது: உரிமையைத் துஷ்பிரயோகம் செய்தால், அதில் அக்கறை உள்ளவர் 56ஆம் பிரிவின்படி கட்டாய உரிமம், அதாவது உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் செய்து விற்கும் அனுமதி, கேட்கலாம். அதற்கும் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

யோசனை சொன்னவருக்கு என்ன கிடைக்கும்?

வோடாகாம் செல்பேசி நிறுவனத்தில் பயிற்சிக் கணக்காளராக இருந்த நொக்கோசானா மக்காட்டே, 2000ஆம் ஆண்டில் ஒரு யோசனை சொன்னார்: காசில்லாதவர் 'என்னைக் கூப்பிடு' என்று இலவசச் செய்தி அனுப்ப ஒரு வழி. 'பிளீஸ் கால் மீ' என்று நாடே பயன்படுத்தியது. அவர் வழக்கை 'பேட்டன்ட் வழக்கு' என்று பேசுவது தவறு. அவர் கையில் காப்புரிமை இல்லை. யோசனைக்குப் பங்கு தருவதாக நிறுவனத்தின் அதிகாரி வாய்மொழியாகச் சொன்ன வாக்கு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்று அரசமைப்பு நீதிமன்றம் 2016 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகும் எவ்வளவு என்ற சண்டை, 2025 நவம்பரில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகும் வரை நீடித்தது; 2019இல் நிறுவனம் சொன்ன 47 மில்லியன் ராண்டை அவர் ஏற்கவில்லை. மக்காட்டேவைக் காப்பாற்றியது ஒப்பந்தச் சட்டம்.

வேலை பார்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

1. வேலையின் பகுதியாகச் செய்த கண்டுபிடிப்பு முதலாளியுடையது. ஆனால் வேலைக்குத் தொடர்பில்லாமல் வீட்டுக் கராஜில் செய்ததையும் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று பணி ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த வரி 59ஆம் பிரிவின்படி செல்லாது.

2. பல்கலைக்கழகத்தில் அரசுப் பணத்தில் ஆராய்ச்சி செய்பவர்களுக்கு 2008ஆம் ஆண்டின் 51ஆம் எண் சட்டம் பங்கு உறுதி செய்கிறது. வருவாயின் முதல் பத்து லட்சம் ராண்டில் குறைந்தது 20 சதவீதம், அதற்கு மேல் நிகர வருவாயில் குறைந்தது 30 சதவீதம்.

காப்புரிமை இல்லாமலும் நடக்குமா?

நடந்திருக்கிறது, நம் கரும்புத் தோட்டத்திலேயே. 1860இல் 'ட்ரூரோ' கப்பலில் மதராசிலிருந்து நம் முன்னோர் வந்தது கரும்பு வெட்ட. பின்னால் கோயம்புத்தூரிலிருந்து கரும்பும் வந்தது. அங்கே இரண்டு கோயம்புத்தூர் ரகங்களைக் கலந்து எடுத்த விதையை மவுண்ட் எட்ஜ்கோம்பின் கரும்பு ஆராய்ச்சி நிலையம் நட்டாலில் முளைக்க வைத்து, தேர்ந்தெடுத்து, 1945இல் என்.கோ. 310 என்ற ரகமாக வெளியிட்டது. பெயரில் 'என்' நட்டால், 'கோ' கோயம்புத்தூர். தைவான் முதல் அமெரிக்காவின் லூசியானா வரை அது பயிரானது. அரசும் கரும்புத் தொழில்துறையும் போட்ட பணத்தில் விளைந்த பொதுச்சொத்து அது. இன்று புதிய ரகங்களுக்குத் தாவர இனவிருத்தியாளர் உரிமை என்று தனிச் சட்டம் உண்டு.

இன்னொன்று கடற்கரையில் கிடக்கிறது. அலையின் வேகத்தை உடைக்கும் டோலோஸ் என்ற முறுக்கிய கான்கிரீட் கட்டை, 1960களில் ஈஸ்ட் லண்டன் துறைமுகத்தில் பிறந்தது. காப்புரிமை எடுக்கப்படவில்லை. உலகத் துறைமுகங்கள் பலவும் ராயல்டி கொடுக்காமல் எடுத்துக்கொண்டன. உலகுக்கு லாபம், எரிக் மெரிஃபீல்டின் குழுவுக்குப் புகழ், காசு வரவில்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் இருக்கிறது. பசியடக்கும் ஹூடியா என்ற பாலைவனச் செடியை இங்குள்ள பழங்குடியினரான சான் மக்கள் தலைமுறை தலைமுறையாக வேட்டைக்குப் போகும்போது மென்றார்கள். தென்னாப்பிரிக்க அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றமான சி.எஸ்.ஐ.ஆர். 1990களின் நடுவில் அதிலுள்ள வேதிப்பொருளுக்குக் காப்புரிமை எடுத்தது, அந்த மக்களைக் கேட்காமலே. எதிர்ப்புக்குப் பின் 2003இல் ராயல்டியில் 6 சதவீதம் தருவதாக ஒப்பந்தமானது. பெரிய நிறுவனங்கள் பின்வாங்கியதால் அந்த ராயல்டி எதிர்பார்த்தபடி பெருகவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், கிட்டத்தட்ட அதே காலத்தில் இந்தியாவில் அதே பெயர்ச்சுருக்கம் கொண்ட சி.எஸ்.ஐ.ஆர்., மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு 1995இல் அமெரிக்கா கொடுத்த காப்புரிமையை எதிர்த்து 1997இல் ரத்து செய்ய வைத்தது. 2005இல் இங்கே சட்டம் திருத்தப்பட்டது. உள்நாட்டு உயிர்வளத்தையோ மரபறிவையோ பயன்படுத்தியிருந்தால் விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டும்.

இனி என்ன மாறும்?

2018 மே மாதம் அமைச்சரவை ஏற்ற அறிவுசார் சொத்துக் கொள்கை, உள்ளடக்கத்தைப் பார்த்துப் பரிசோதிக்கும் முறைக்கு மாற வேண்டும் என்கிறது. மருந்துகளையும் முன்னுரிமைத் துறைகளில் சேர்த்திருக்கிறது. பரிசோதகர்கள் வந்தால் விண்ணப்பம் தேற நாளாகும், செலவும் கூடும், ஆலைக்காரருக்குச் சான்றிதழ் கிடைக்காமலே போகலாம். எனக்கு அது நஷ்டமாகத் தெரியவில்லை. குளிர்நீர் உறை பழையது என்று முதல் வருடமே தெரிந்தால், அந்தப் பணத்தை இரண்டாவது ஆலையில் போட்டிருப்பார்.

அதுவரை சர்வேயர் வேலையை விண்ணப்பிப்பவரே செய்துகொள்ள வேண்டும். உலகக் காப்புரிமை ஆவணங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. தற்காலிக விண்ணப்பம் போட்டுவிட்டு அந்த 12 மாதத்தில் அவற்றில் தேடலாம். தேடி முடியும்வரை வாடிக்கையாளரிடமோ முதலீட்டாளரிடமோ காட்டுவதற்கு முன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கலாம். மசாலாக் கலவையின் அளவுகளுக்கு பேட்டன்ட் எடுத்தால் 20 ஆண்டில் ஊருக்கே சொந்தம். கல்லாப்பெட்டிப் பூட்டுக்குள் இருந்தால், மருமகள் வெளியே சொல்லாத வரைக்கும் குடும்பத்துக்குச் சொந்தம்.